அலவாய்மலையில் பூ கேட்கப் போனது

தனசேகருக்கு ஏழு வருஷமாகப் பெண் பார்த்தார்கள். ஜாதகம் பொருந்தினால் பெண்ணுக்குப் பிடிக்கவில்லை. பெண்ணுக்குப் பிடித்தால், மாப்பிள்ளை ரிக் வண்டி வைத்திருப்பவன் என்று தெரிந்ததும் வீட்டில் யோசித்தார்கள். போர் போடுகிற லாரியோடு வருஷத்தில் எட்டு மாதம் ஆந்திராவிலும் மத்தியப் பிரதேசத்திலும் கிடப்பவனுக்குக் கட்டிக்கொடுத்தால் பெண் யாரோடு குடும்பம் நடத்துவாள் என்பது நியாயமான கேள்விதான். அவனோடு பள்ளிக்கூடத்தில் படித்த நானே அவனிடம் கேட்டிருக்கிறேன்.

அறிவுச்செல்வி விஷயத்தில் எல்லாம் கூடி வந்தது. வெண்ணந்தூர்ப் பக்கத்து விவசாயி கண்ணுசாமியின் ஒரே பெண். நாமக்கல்லில் கோழித்தீவனத்தைப் பரிசோதிக்கிற ஆய்வகத்தில் வேலை. முப்பத்திரண்டு வயது. இரண்டு மாதம் போனில் பேசினார்கள். அவளுக்குச் சம்மதம். அவனுக்கு அதைவிடச் சம்மதம். கண்ணுசாமி மட்டும், மலையில் பூ கேட்காமல் தட்டு மாற்ற மாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

பூ கேட்பது எங்கள் பக்கத்தில் எல்லோரும் செய்வதுதான். வெள்ளைப் பூ ஒன்று, சிவப்புப் பூ ஒன்று, தனித்தனியாக இலையில் மடித்துச் சாமி முன்னால் வைப்பார்கள். இரண்டு வீட்டுக்கும் உறவில்லாத ஒருவர் அதில் ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் சாமி சரி என்கிறது. சிவப்பு வந்தால் அதோடு முடிந்தது. மற்றவர்கள் ஊர்க் கோயிலிலேயே கேட்டுவிட்டு டிபன் சாப்பிடப் போய்விடுவார்கள். கண்ணுசாமி வீட்டில் அலவாய்மலை உச்சியில் இருக்கிற சாமியிடம்தான் கேட்பார்கள். மாப்பிள்ளையாக வரப்போகிறவனும் நடந்தே ஏற வேண்டும்.

சேலத்திலிருந்து நாமக்கல் போகிற எவரும் அலவாய்மலையைப் பார்த்திருப்பார்கள். பார்க்க நன்றாக இருக்கும். பஸ் ஜன்னலிலிருந்து பார்ப்பதோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

தனசேகர் அப்போது நூற்றிரண்டு கிலோ. ஆயிரத்து இருநூறு அடி கீழே போயிருக்கிறேன், மேலே போனதில்லை என்றான். பூ எடுக்க உறவில்லாத ஆள் வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டான். மற்ற இடங்களில் சின்னப் பிள்ளைகளை எடுக்கச் சொல்வார்கள். அந்த மலைக்கு யாரும் பிள்ளையை அனுப்ப மாட்டார்கள். நான் பஞ்சாலையில் நைட் ஷிப்டை விட்டுவிட்டு வீட்டில் இருந்த நேரம். பகலில் தூக்கம் வராது என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி இல்லை. போனேன்.

ஆனி மாதத்து வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு இராகு காலம் தொடங்குவதற்குள் பூ கேட்டாக வேண்டும் என்று ஆறு மணிக்கே அடிவாரத்தில் கூடினோம். அறிவுச்செல்வியின் அம்மா சென்னியம்மாளுக்கு மூட்டுவலி. ஏறவில்லை. நாங்கள் வருவதற்குள் பொங்கல் வைப்பதாகச் சொல்லி மூன்று கல்லைக் கூட்டிக்கொண்டே, இதுவரை யார் யார் எந்த இடத்தில் விழுந்தார்கள் என்று எங்களுக்கு விவரம் சொன்னார். அவருடைய சித்தப்பா மகன் கணுக்கால் போய் இன்னும் நொண்டுகிறார். கல்லூரிப் பையன்கள் மூன்று பேர் வழி தவறிப் பாறையில் மாட்டி, தீயணைப்பு வண்டிக்காரர்கள் கயிறு கட்டி இறக்கினார்கள். ஒருத்தரைத் தேனீ கொட்டி நாலு நாள் கண் திறக்க முடியவில்லை. கல்யாணத்துக்கு வந்தவர்கள் பெயரைச் சொல்வதுபோல வரிசையாகச் சொல்லி முடித்து, பதனமாகப் போய்விட்டு வாருங்கள் சாமி என்று எங்கள் எல்லோருக்கும் திருநீறு பூசிவிட்டார்.

ஏறியது ஐந்து பேர். முன்னால் பூசாரி சின்னண்ணன். வெள்ளிக்கிழமைதோறும் ஏறுகிறவர். செருப்பில்லை. தலையில் பூசைக்கூடை. அவருக்குப் பின்னால் கண்ணுசாமி, அறிவுச்செல்வி, தனசேகர். கடைசியில் நான். தனசேகர் விழுந்தால் என் மேல்தான் விழுவான் என்பது கால் மணி நேரம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது.

படி கொஞ்ச தூரத்துக்குத்தான். பிறகு உருட்டுக்கல்லும் இடுப்பளவு புல்லும். கல் எது நிற்கும், எது நகரும் என்று மிதித்துப் பார்த்தால்தான் தெரியும். நான் மிதித்த கல் ஒன்று நகர்ந்து போனது. அது கீழே போய்ச் சேர்ந்த சத்தம் வர நேரம் ஆயிற்று. அதன்பிறகு நான் தனசேகர் மிதித்த கல்லை மட்டும் மிதித்தேன். அவன் கனத்துக்கு நிற்பது எனக்கு நிற்கும்.

அவன் மூச்சு வாங்குவது கம்ப்ரசர் ஓடுவதுபோல் கேட்டது. அறிவுச்செல்வி நின்று திரும்பிப் பார்த்தாள்.

"டீசல் தீந்துருச்சுங்களா?"

"டீசல் இருக்குதுங்க. இஞ்சின் சூடாயிருச்சு."

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு நடந்தாள். கண்ணுசாமி திரும்பவில்லை. அவரும் இந்த மலைக்கு வந்து ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. அவருக்கும் மூச்சு வாங்கியது. அதை யாரும் கவனிக்கக்கூடாது என்று வேகமாக நடந்தார்.

ஒரு திருப்பத்தில் சின்னண்ணன் கையைக் காட்டி எல்லோரையும் நிறுத்தினார். மேலே துருத்திக்கொண்டிருந்த பாறையின் அடியில் முறம் அளவுக்கு ஏழெட்டுத் தேனடைகள் கறுப்பாகத் தொங்கின. அந்த இடத்தைப் பேசாமல் தாண்ட வேண்டும், வாசனை எதுவும் ஆகாது என்றார். பிறகு மூக்கை உறிஞ்சியபடியே வரிசையில் ஒவ்வொருவராக முகர்ந்து வந்து தனசேகர் முன்னால் நின்றுவிட்டார்.

பெண் வீட்டாரோடு போகிறோம் என்று தனசேகர் சென்ட்டில் அரை பாட்டிலைச் சட்டையில் அடித்திருந்தான். சட்டையைக் கழற்றச் சொல்லிப் பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக்கி முடிந்தார்கள். அப்படியும் வாசனை போகவில்லை. சின்னண்ணன் ஈர மண்ணை அள்ளி அவன் கழுத்திலும் மாரிலும் வயிற்றிலும் பூசினார். ஜாதகத்தோடு வந்த போட்டோவில் இல்லாத வயிற்றைக் கண்ணுசாமி அன்றுதான் முழுதாகப் பார்த்தார். பார்த்துவிட்டுத் தேனடையைப் பார்த்தார். நாங்கள் ஒருவர் பின் ஒருவராக மூச்சைப் பிடித்துக்கொண்டு தாண்டினோம். ஒரு தேனீ மட்டும் தனசேகரின் காதைச் சுற்றிவிட்டுப் போனது. அவன் கண்ணை மூடிக்கொண்டு நின்றதைப் பார்த்தால் பாவமாக இருந்தது.

அதற்கு மேல் அரை மணி நேரத்தில் இடுக்கு. வீடு அளவு இரண்டு பாறைகள் ஒன்றையொன்று முட்டாமல் நிற்கின்றன. நடுவில் ஒருச்சாய்த்து நுழைந்து எட்டடி போக வேண்டும். வெளிப்பக்கமாகச் சுற்றியும் போகலாம் என்றார்கள். அங்கே பாறை சரிகிறது. சரிந்த இடத்துக்குக் கீழே ஒன்றுமில்லை. மனதில் கள்ளம் வைத்திருப்பவனை இடுக்கு விடாது என்று கண்ணுசாமி சொன்னார். சொல்லிவிட்டு நுழைந்து அந்தப் பக்கம் போய்விட்டார். அவர் உடம்பு அப்படி, வேலியில் ஊன்றிய குச்சி. மகளும் போனாள். பூசாரியும் போனார்.

தனசேகர் ஐந்தடி போய் நின்றான்.

அந்தப் பக்கமிருந்து கண்ணுசாமியும் சின்னண்ணனும் கையைப் பிடித்து இழுத்தார்கள். இந்தப் பக்கமிருந்து நான் தள்ளினேன். ஒவ்வொரு இழுப்புக்கும் அவன் இன்னும் கொஞ்சம் இறுகினான். கடைசியில் அவனால் முன்னாலும் வர முடியவில்லை, பின்னாலும் போக முடியவில்லை. கண்ணுசாமி இழுப்பதை நிறுத்திவிட்டு இடுக்கின் வாயில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"தம்பி, ஏதாச்சும் சொல்ல வேண்டியது இருந்தா இங்கயே சொல்லிருங்க."

தனசேகர் பாறையைப் பார்த்தே பேசினான்.

"வயசுல ரெண்டு கொறச்சுச் சொல்லிட்டோமுங்க. முப்பத்தெட்டு நடக்குது."

மறுபடி இழுத்தார்கள். வரவில்லை.

"இன்னும் இருக்குதுங்களா?"

"அந்தப் போட்டோ ஆறு வருசத்துக்கு முந்தி எடுத்ததுங்க."

"அது பாத்தாலே தெரியுதுங்க" என்று அறிவுச்செல்வியின் குரல் வந்தது. எனக்கு அவள் முகம் தெரியவில்லை. குரலில் கோபம் இல்லை.

வரவில்லை. தனசேகர் யோசித்து, தீபாவளிக்கு மட்டும் குடிப்பான் என்பதைச் சொன்னான். அதற்கும் பாறை விடவில்லை. பிறகு கடைசியாக ஒன்றைச் சொன்னான். ரிக் வண்டி முழுதாக அவனுடையது அல்ல. பாதி பெரியப்பா மகனுடையது.

"பாதியா?" என்றார் கண்ணுசாமி. எழுந்து நின்றார். துண்டை உதறுகிற சத்தம் கேட்டது. பின்னாலிருந்து எனக்கு அவர் கால் மட்டும்தான் தெரிந்தது. அது திரும்பி நின்றது. கல்யாணம் அந்த இடத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். இவனை எப்படி வெளியே எடுப்பது என்ற கவலைதான் எனக்கு மிச்சம்.

அறிவுச்செல்வி இடுக்குக்குள் தலையை விட்டாள்.

"ஏனுங்க, போருக்குள்ள ராடு மாட்டிக்கிச்சுன்னா என்ன பண்ணுவீங்க?"

"இழுக்க மாட்டமுங்க. இழுத்தா இறுகிக்கும். கொஞ்சம் கீழ எறக்கி, திருப்பி, வழுவழுன்னு எதையாச்சும் உட்டு, அப்பறந்தான் எடுப்போம்."

"அப்பறம் ஏனுங்க இத்தன நேரம் எல்லாத்தையும் இழுக்க உட்டுட்டு நின்னுட்டிருக்கறீங்க?"

அவன், "பயமா இருந்துச்சுங்க" என்றான்.

அவள் பூசைக்கூடையிலிருந்து விளக்கு எண்ணெய் பாட்டிலை எடுத்தாள். அது சாமிக்கு வைத்தது என்று சின்னண்ணன் தடுத்தார். ஒரு விளக்குக்கு மட்டும் மிச்சம் வைக்கிறேன் என்று சொல்லி, அவன் தலைக்கு மேலாகப் பாட்டிலை என்னிடம் நீட்டினாள். நான் அவன் வயிற்றுக்கும் பாறைக்கும் நடுவில் ஊற்றினேன். மூச்சை முழுக்க விடச் சொன்னாள். முட்டியை மடக்கச் சொன்னாள். அவன் நாலு விரல் கீழே இறங்கினான், ஒரு சாண் திரும்பினான், பிறகு கன்றுக்குட்டி விழுவதுபோல ஒரே வழுக்கில் அந்தப் பக்கம் போய் விழுந்தான். வயிற்றுத் தோலில் கொஞ்சம் பாறையில் தங்கிவிட்டது.

சாமி கேட்டுக்கொண்டது என்றார் சின்னண்ணன். பாதி வண்டியைப் பற்றிக் கண்ணுசாமி, இனிமேல் நான் சொல்ல எதுவுமில்லை, பூ சொல்லட்டும் என்றார். தனசேகர் புல்லைப் பிடுங்கி உடம்பைத் துடைத்துக்கொண்டு, சரிங்க என்றான். அவன் முகத்தைப் பார்த்தால் இடுக்கிலேயே இருந்திருக்கலாம் என்று நினைப்பதுபோல் இருந்தது.

கடைசியாக வழுக்குப்பாறை. ஐம்பது அடி உயரத்துக்கு மொட்டைப் பாறை, செங்குத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு. பாறையில் துளை போட்டு இரும்புக் கம்பிகளை வளைத்து ஏணிபோல அடித்திருந்தார்கள். எந்தக் காலத்தில் அடித்தது என்று சின்னண்ணனுக்கே தெரியாது. மூன்றாவது கம்பியை நம்ப வேண்டாம் என்று மட்டும் சொன்னார். சொல்லிவிட்டு அணில் மாதிரி ஏறிப் போனார்.

அடுத்தது கண்ணுசாமி. பன்னிரண்டாவது கம்பி வரைக்கும் நன்றாகத்தான் போனார். அங்கே ஏனோ கீழே பார்த்தார். கால் இரண்டும் தையல் மிஷின் மாதிரி ஆடத் தொடங்கின. பாறையைக் கட்டிக்கொண்டு கன்னத்தை அதில் வைத்துக்கொண்டார். மகள் கூப்பிட்டும் தலையைத் திருப்பவில்லை. சின்னண்ணனால் மேலேயிருந்து என்ன செய்ய முடியும்? காற்று கண்ணுசாமியின் வேட்டியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. ஒரு கை விட்டால் எங்கே போய் நிற்பார் என்று பார்த்தேன். நிற்க இடமே இல்லை.

தனசேகர் உள்ளங்கையில் மண்ணைத் தேய்த்துக்கொண்டு ஏறினான். ஏறுவதற்கு முன்னால் என்னைப் பார்த்தான். அவனுக்கு உயரம் ஆகாது என்று எனக்குத் தெரியும். பள்ளிக்கூட மாடியிலேயே சுவரை ஒட்டித்தான் நடப்பான். கண்ணுசாமியின் காலுக்குக் கீழே தன் தோள் வரும்வரை போனான்.

"கீழ பாக்காதீங்க. நான் சொல்ற காலை மட்டும் குடுங்க. இது ஒண்ணு. இதுல நின்னுக்கோங்க. கை இப்ப."

அவர் பாதத்தைக் கையில் வாங்கிக் கம்பியில் வைத்தான். பிறகு அடுத்தது. அப்படியே ஒவ்வொன்றாக. நடுவில் ஒரு கம்பி அவன் காலடியில் விரல்கடை அளவு வெளியே வந்ததை நான் கீழேயிருந்து பார்த்தேன். அவன் நிறுத்தினான். காலை எடுத்துப் பக்கத்தில் இருந்த வெடிப்பில் வைத்துக்கொண்டு, "அடுத்தது குடுங்க" என்றான், ஒன்றும் நடக்காத மாதிரி. பன்னிரண்டு கம்பி இறங்கக் கால் மணி நேரம் ஆயிற்று.

கண்ணுசாமி தரையில் உட்கார்ந்து அரை பாட்டில் தண்ணீர் குடித்தார். மணி கேட்டார். ஒன்பதே முக்கால். மகளைப் பார்த்து, நீயே போய்க் கேட்டுவிட்டு வா என்றார். மாப்பிள்ளையும் உச்சிக்கு வர வேண்டுமே என்று மேலேயிருந்து சின்னண்ணன் குரல் கொடுத்தார்.

"அவுரு இங்கயே இருக்கட்டும்" என்றார் கண்ணுசாமி. "என்னைய ஒத்தையில உட்டுட்டுப் போயிராதீங்க."

வழக்கம் அந்த இடத்தில் மாறியது. அறிவுச்செல்வி துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு ஏறினாள். நான் பின்னால் ஏறினேன். என்னைப் பற்றிச் சொல்ல, நான் மேலே போய்ச் சேர்ந்தேன் என்பதைத் தவிர ஒன்றுமில்லை.

உச்சியில் ஒரு கல், ஒரு சூலம், துருப்பிடித்த மணி. கீழே இராசிபுரம், தண்ணீர் இல்லாத ஏரிகள், தகரக் கூரைக் கோழிப்பண்ணைகள், எறும்புபோல லாரிகள். பார்க்க நேரமில்லை. மணி பத்தேகால்.

அறிவுச்செல்வி கொண்டுவந்த அரளிப் பூக்களை இலையில் மடித்துக் கொடுத்தாள். சின்னண்ணன் அவற்றைக் கல் முன்னால் வைத்துக் குலுக்கிப் போட்டுக் கற்பூரம் ஏற்றினார். காற்று அணைத்தது. மறுபடி ஏற்றினார். அவள் கண்ணை மூடிக் கும்பிட்டாள். என்னை எடுக்கச் சொன்னார்கள். இடது பக்கம் இருந்ததை எடுத்துப் பிரித்தேன்.

சிவப்பு.

சாமி வேண்டாம் என்கிறது கண்ணு என்று சின்னண்ணன் மெதுவாகச் சொன்னார். அவள் என் கையில் இருந்த பூவைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றேன். எத்தனை தடவை கேட்கலாம் என்று கேட்டாள். ஒரு தடவைதான் என்றார் அவர்.

"எங்கப்பா பதினோரு போர் போட்டிருக்கறாருங்க. பத்துல தண்ணி வரல."

சாமியும் போரும் ஒன்றல்ல என்றார் சின்னண்ணன்.

"பதினொண்ணுக்கும் இங்க வந்து பூ கேட்டுட்டுத்தானுங்க போட்டாரு. நீங்கதான் கற்பூரம் காட்டுனீங்க. அத்தனைக்கும் வெள்ளைதான் வந்துச்சு."

சின்னண்ணன் இருமினார். சூலத்தைப் பார்த்தார். பிறகு கற்பூரத்தைப் பார்த்து, தம்பி பூவை எடுக்கும்போது இது எரிந்துகொண்டிருந்ததா, அணைந்திருந்ததா என்று என்னைக் கேட்டார். நான் அணைந்திருந்தது என்றேன். எனக்கு ஞாபகம் இல்லை. அப்படியானால் அது கேட்டதாகவே ஆகாது என்று சொல்லி, காற்றுக்கு முதுகைக் காட்டிக் குனிந்து தீக்குச்சி உரசினார்.

அதற்குள் அவள் இரண்டு பூக்களையும் திரும்ப மடித்து வைத்தாள். ஒரு மடிப்பில் காம்பு நகத்தளவு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதற்குள் எந்தப் பூ போனது என்று நான் பார்த்திருந்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. வேண்டுமென்று செய்தாளா, அவசரத்தில் அப்படி ஆனதா என்று இன்றுவரை நான் கேட்கவில்லை. நான் வேண்டுமென்றுதான் எடுத்தேன்.

கீழே வந்தபோது தனசேகரும் கண்ணுசாமியும் பாறை நிழலில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். தோல் போன வயிற்றைச் சுற்றிக் கண்ணுசாமியின் துண்டு கட்டியிருந்தது. பெரியப்பா மகன் எப்படிப்பட்ட ஆள், வண்டியைப் பிரித்துக்கொண்டால் யார் எடுப்பது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். எங்களைப் பார்த்ததும் தனசேகர் எழுந்தான். அவன் முகத்தில் கேள்வியே இல்லை. ஏழு வருஷப் பழக்கத்தில் இல்லை என்ற பதிலை வாங்கிக்கொள்ளத் தயாராக நின்றான்.

அறிவுச்செல்வி உள்ளங்கையைத் திறந்து அப்பாவிடம் காட்டினாள். அவர் வெள்ளைப் பூவை எடுத்து இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டார்.

தனசேகர் திரும்ப உட்கார்ந்துவிட்டான்.

"யாரு எடுத்தது?" என்று கேட்டார் கண்ணுசாமி.

"நாந்தானுங்க."

என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். "உனக்குக் கைராசி இருக்குது சாமி" என்றார். சின்னண்ணன் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு முதல் ஆளாக இறங்கத் தொடங்கினார்.

ஆவணியில் கல்யாணம். மூன்றாவது வாரம் கண்ணுசாமி என்னைத் தன் விவசாயக் காட்டுக்கு வரச் சொல்லி ஆள் அனுப்பினார். பன்னிரண்டாவது போருக்கு நான்தான் இடம் காட்ட வேண்டும் என்றார். தெரியாது என்றால் விடுகிற ஆள் இல்லை. நீரோட்டம் பார்க்கிறவர்கள்போல உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு காடு முழுக்க நடந்து, கால் வலித்த இடத்தில் நின்றேன். அங்கேயே தனசேகர் வண்டியை நிறுத்தி ராடு இறக்கினான்.

எண்ணூற்று நாற்பது அடி. தண்ணீர் வரவில்லை, வேப்பமரம் தெரியாத அளவுக்குப் புழுதிதான். நான் தலையிலிருந்து கால்வரை வெள்ளையாக நின்றேன். அறிவுச்செல்வி டீ கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். டம்ளரின் வாயை ஒரு இலையால் மூடியிருந்தாள். புழுதி விழாமல் இருக்க என்று சொன்னாள்.

கண்ணுசாமி கம்ப்ரசர் சத்தத்துக்கு மேல் கத்தினார்.

"மாப்ள, இன்னொரு நூறடி போலாமுங்களா?"